எழுத்துக்கு 25 ரூபாய்... எட்டு எழுத்தில் தொடங்கிய எஸ்.எஸ்.வாசனின் கதை!

மயிலாப்பூரிலிருந்து கதீட்ரல் சாலை வழியாக வந்தாலும் சரி, தி.நகரிலிருந்து ஜி.என்.செட்டி சாலை வழியாக வந்தாலும் சரி, போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். 1973-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஆனால் ஆட்டோ டிரைவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஜெமினியா என்று திருப்பிக் கேட்பார்.

ஜெமினி ஸ்டுடியோ அங்கே இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் ஓட்டலும் வணிக வளாகமும் நிற்கின்றன. பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பெயரை அங்கே கொண்டுவந்து வைத்தவர் எஸ்.எஸ்.வாசன். சந்திரலேகா எடுத்த பிரம்மாண்டத் தயாரிப்பாளர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். சினிமாவுக்கு வருவதற்கு முன்பு அவர் பிழைத்தது எழுத்துகளை வைத்து. கட்டத்துக்குள் எழுத்தை நிரப்பும் ஒரு விளையாட்டு அவருடைய பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. பின்னாளில் அதே மாதிரி விளையாட்டுக்கு நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டது.

எழுத்தை மாற்றி அடுக்கி ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? வாசனின் வாழ்க்கையோடு சேர்த்து அந்தக் கேள்வியையும் பார்ப்போம்.

யார் இந்த வாசன்?

1904-ம் ஆண்டு அன்றைய தஞ்சை மாவட்டத்தின் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். மகனை வளர்த்து ஆளாக்க அம்மா அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். கல்லூரிப் படிப்பு பாதியிலேயே நின்றுபோனது. பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது, தபால் வழியாகப் பொருள் விற்பது என்று கையில் கிடைத்த தொழிலைச் செய்தார்.

முழுப் பெயர் ஸ்ரீநிவாசன். அதில் முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாசன். இந்தச் சின்ன வெட்டு அவரோடு நிற்கவில்லை. அதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

200 ரூபாய்க்கு ஒரு பத்திரிகை

பூதூர் வைத்தியநாத ஐயர் என்பவர் 1926-ல் ஆனந்த விகடன் என்ற மாத இதழைத் தொடங்கினார். நகைச்சுவைக்கு முக்கியத்துவம் கொடுத்த இதழ். வாசன் அதற்கு விளம்பரம் கொடுத்துவந்தார். 1927-ன் கடைசியில் பணமில்லாமல் இதழ் நின்றுபோனது. கொடுத்த விளம்பரம் வரவில்லையே என்று விசாரிக்கப் போன வாசன், பத்திரிகையையே விலைக்குக் கேட்டார்.

அப்போது விலை பேசிய விதம்தான் சுவாரஸ்யம். பெயரில் உள்ள ஒரு எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள் என்பது பத்திரிகை உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எண்ணிப் பாருங்கள்: ஆ, ன, ந், த, வி, க, ட, ன். மொத்தம் எட்டு. எட்டு இருபத்தைந்து, 200 ரூபாய். 1928-ல் ஆனந்த விகடன் வாசன் கைக்கு வந்தது.

ஒரு வேடிக்கையும் உண்டு. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 13 எழுத்து வரும். கணக்கு 325 ரூபாய்க்குப் போயிருக்கும். தமிழில் எண்ணியதில் வாசனுக்கு 125 ரூபாய் லாபம்!

அந்த எட்டு எழுத்தில் என்னென்ன இருக்கிறது?

ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வேறு சொல் உண்டாக்குவது உலகம் முழுக்க உள்ள விளையாட்டு. வாசன் வாங்கிய எட்டு எழுத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு எழுத்தை ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பவை இவை:

இரண்டு எழுத்து: கவி, ஆவி, ஆட, விட.

மூன்று எழுத்து: கடன், கவின், ஆதன், தடவி.

நான்கு எழுத்து: விகடன், கந்தன், விந்தன்.

ஐந்து எழுத்து: ஆனந்தன்.

எட்டு எழுத்தை 40,320 விதமாக வரிசை மாற்றி எழுத முடியும். ஆனால் அதில் பெரும்பாலானவை தமிழ்ச் சொல்லாகவே ஆகாது. காரணம் இலக்கணம். மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ட, ன இரண்டும் முதலில் வராது. ஆக, எட்டில் ஆ, த, வி, க என்ற நான்கு எழுத்தில்தான் சொல்லைத் தொடங்க முடியும். ந் என்ற எழுத்துக்கும் தனியாக நடமாட்டம் இல்லை. பக்கத்தில் த வேண்டும்.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், எதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். தமிழில் க வேறு, கா வேறு, கி வேறு. கதவு என்ற சொல்லைக் கலைத்தால் தகவு கிடைக்கும். கரம் என்பதைக் கலைத்தால் ரகம். இவை நேராக அமைகின்றன. ஆனால் கதை என்பதைக் கலைத்துத் தகை என்று ஆக்க முடியுமா? கட்டத்தில் எழுதிப் பார்த்தால் முடியாது. கதையில் இருப்பது க, தை. தகையில் இருப்பது த, கை. ஒலியாகப் பிரித்தால் மட்டும் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறியவை. அதனால் தமிழில் முழுச் சொல்லையும் கலைத்துப் போடுவதைவிட, ஒரு எழுத்தை எடுப்பது, ஒரு எழுத்தைச் சேர்ப்பது, ஒரு எழுத்தை மாற்றுவது ஆகியவைதான் அதிகம் கைகொடுக்கும்.

இது புதுசும் இல்லை. தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளைச் சொல்லும்போது அக்கரச்சுதகம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஒரு சொல்லில் ஒவ்வொரு எழுத்தாக நீக்க நீக்க, மிஞ்சுவது வேறு வேறு பொருள் தர வேண்டும். எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் அதற்குப் பெயர் எழுத்து வருத்தனம். திருப்பிப் படித்தாலும் அதே வரி வந்தால் மாலைமாற்று. புலவர்கள் அரசவையில் ஆடிய ஆட்டம் இது. அதைக் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது குறுக்கெழுத்து.

குறுக்கெழுத்துக் காய்ச்சல்

ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வந்தது. இன்றைய குறுக்கெழுத்துக்கு அதுதான் தொடக்கம் என்பார்கள். பத்து வருஷத்தில் அமெரிக்காவில் அது பைத்தியமாகப் பரவியது. அடுத்த பத்து வருஷத்துக்குள் சென்னைக்கும் வந்துவிட்டது.

1930-களில் ஆனந்த விகடன் பரிசுப் பணத்தோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. பத்திரிகையின் விற்பனை ஏறியதில் இந்தப் போட்டிக்குப் பெரிய பங்கு இருந்தது. கதை படிக்காதவர்களும் கட்டத்துக்காக இதழ் வாங்கினார்கள். வேறு பத்திரிகைகளும் இதே வழியில் இறங்கின. அகராதியைப் புரட்டாத வீட்டில்கூடச் சொற்கள் பேசப்பட்டன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கட்டத்தைப் பார்ப்போம். மூன்று எழுத்துச் சொல். கடைசி இரண்டு எழுத்து ட, ல் என்று கொடுத்திருக்கிறார்கள். மேடையில் இது நன்றாக அமைந்தால் கைதட்டல் கிடைக்கும் என்பது குறிப்பு. விடை ஆடலா, பாடலா? இரண்டும் பொருந்தும். தமிழறிவு உங்களை இந்த இரண்டு சொல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கு மேல் ஊகம்தான்.

இப்படி ஐந்து கட்டம் இருந்தால் 32 விதமாக நிரப்பலாம். பத்துக் கட்டம் இருந்தால் 1,024 விதம். பணம் கட்டி விடை அனுப்பும் போட்டியாக இருந்தால், வசதி உள்ளவர் நிறைய அனுப்புவார். இல்லாதவர் ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். போட்டியை அமைப்பவர் நினைத்தால் சொல் விளையாட்டாகவும் வைக்கலாம், சீட்டுக் குலுக்கலாகவும் ஆக்கலாம். எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்ற தகராறு பின்னால் நீதிமன்றம் வரை போனது.

பெயரை வெட்டிய பத்திரிகை

போட்டி கூட்டிக்கொண்டு வந்த வாசகர்களைத் தக்கவைத்தது எழுத்தாளர்கள். கல்கி என்ற ரா.கிருஷ்ணமூர்த்தி விகடனில் ஆசிரியராக இருந்த காலம் அதன் பொற்காலங்களில் ஒன்று. தியாக பூமி தொடர் வந்தது அப்போதுதான். 1941-ல் அவர் வெளியே வந்து சதாசிவத்துடன் கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு விகடனைப் பார்த்துக்கொண்டவர் துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன். அவருடைய இயற்பெயர் மகாதேவன். முதல் இரண்டு எழுத்தை எடுத்தால் தேவன்!

மூன்றாவதாக ஒருவர் உண்டு. விகடன் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்த கோவிந்தன். அந்தக் காலத்தில் பத்திரிகையின் ஒவ்வொரு சொல்லும் ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி வரிசையாக அடுக்கித்தான் உருவாகும். நாள் முழுக்க நின்றுகொண்டு, மற்றவர்கள் எழுதியதை எழுத்து எழுத்தாகக் கோக்கும் வேலை. பிறகு அவர் கல்கிக்குப் போனார். எழுதவும் தொடங்கினார். கோ என்ற ஒரு எழுத்தை விட்டுவிட்டு விந்தன் ஆனார். உழைக்கும் மக்களின் வாழ்க்கையை எழுதியவர், பாலும் பாவையும் நாவலின் ஆசிரியர்.

மேலே உள்ள பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஆனந்த விகடன் என்ற பெயரின் எழுத்துகளில் விந்தன் என்ற பெயரும் அடங்கியிருக்கிறது. இது தற்செயல்தான். ஆனால் 25 ரூபாய்க்கு ஒரு எழுத்து என்று கணக்குப் பார்த்த இடத்தில், எழுத்தைக் கோத்தே கூலி வாங்கிய ஒருவரும் இருந்தார் என்பதை நினைவுபடுத்துகிறது.

குதிரையின் பெயரில் ஒரு ஸ்டுடியோ

வாசன் எழுதிய சதி லீலாவதி கதை விகடனில் தொடராக வந்தது. 1936-ல் அது படமானது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். சின்ன வேடத்தில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். வாசனைச் சினிமா பக்கம் இழுத்துக்கொண்டு போனதும் அப்படி ஒரு கதைதான்.

அண்ணா சாலையில் இயக்குநர் கே.சுப்ரமணியத்தின் ஸ்டுடியோ தீ விபத்தில் சேதமானது. அது ஏலத்துக்கு வந்தபோது வாசன் எடுத்தார். வாசனிடம் பந்தயக் குதிரைகள் இருந்தன. அதில் ஒன்றின் பெயர் ஜெமினி ஸ்டார். அந்தக் குதிரையின் பெயரைத்தான் ஸ்டுடியோவுக்கு வைத்தார் என்று சொல்லப்படுகிறது. இரண்டு சிறுவர்கள் ஊதுகுழல் ஊதும் சின்னம் தமிழ்த் திரையில் நிலைத்துவிட்டது.

மங்கம்மா சபதம் 1943-ல் வந்தது. 1948-ல் சந்திரலேகா. ராட்சத முரசுகள் மேல் பெண்கள் ஆடும் காட்சியை இன்றைக்கும் மொபைலில் பார்த்து வியக்கிறார்கள். தமிழில் எடுத்ததை இந்தியில் கொண்டுபோய் வட இந்தியாவிலும் ஓட வைத்தார். 1953-ல் கே.பி.சுந்தராம்பாளை வைத்து ஔவையார் எடுத்தார். 1958-ல் வஞ்சிக்கோட்டை வாலிபன்.

ஜெமினியில் வேலை பார்த்த கணேசன், நடிகரான பிறகும் ஜெமினி கணேசன் ஆகவே இருந்தார். எழுத்தாளர் அசோகமித்திரன் அங்கே வேலை பார்த்த அனுபவங்களைப் பின்னாளில் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். வாசன் அதில் முதலாளியாக வருகிறார்.

எழுத்து அடுக்குவதற்கு ஒரு சட்டம்

வாசன் சினிமாவில் உச்சத்தில் இருந்த நேரம். இன்னொரு பக்கம் நாடு முழுக்கப் பரிசுப் புதிர்கள் பெரிய தொழிலாகிவிட்டன. பரிசுத் தொகை ஏறிக்கொண்டே போனது. 1955-ல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றியது. சென்னை மாநிலமும் இதன் கீழ் வந்தது.

எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ சேர்த்தும், அடுக்கியும், வரிசை மாற்றியும் விடை காணும் புதிருக்குப் பரிசு தந்தால் அது பரிசுப் போட்டி என்று சட்டம் வரையறுத்தது. நம் திண்ணை விளையாட்டு அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது! ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்குள் இருந்தாலும் உரிமம் வேண்டும். 2,000 விடைகளுக்கு மேல் வாங்கக் கூடாது.

போட்டி நடத்திய சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1957-ல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் கோடு போட்ட இடம் இதுதான்: வெற்றி பெரும்பகுதி திறமையைச் சார்ந்திருந்தால் அந்தப் போட்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதிர்ஷ்டத்தைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டம், கட்டுப்படுத்தலாம். கதவைத் தகவு ஆக்குவது திறமை. ஆடலா பாடலா என்று பணம் கட்டி ஊகிப்பது வேறு.

இதே கோடு பிறகு பல இடங்களுக்கு நீண்டது. கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் திறமைக்கே முக்கியப் பங்கு என்றது. ஆன்லைன் ரம்மியைத் தடை செய்த தமிழக அரசின் சட்டம் வழக்குக்குப் போனபோது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று சொல்லி அவற்றுக்கான தடையை நீக்கியது. 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் வேறு பாதையில் போனது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை என்றது.

மொபைலில் சொல் விளையாட்டு ஆடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எழுத்தைக் கலைத்துச் சொல் கண்டுபிடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. அதன்மேல் பணம் வைத்தபோதுதான் பிரச்சினை வந்தது. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

கடைசி வருஷங்கள்

1964-ல் வாசன் மாநிலங்களவைக்கு உறுப்பினராகப் போனார். 1969-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ல் காலமானார். 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவருடைய வெற்றியில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு? நின்றுபோன பத்திரிகையை ஒருவர் விற்கத் தயாராக இருந்தது அதிர்ஷ்டம். அதை வாங்கலாம் என்று தோன்றியது திறமை. ஸ்டுடியோ ஏலத்துக்கு வந்தது அதிர்ஷ்டம். அதில் சந்திரலேகா எடுத்துக் காட்டியது திறமை. குறுக்கெழுத்து வாசகரைக் கடைக்கு இழுத்தது. கல்கியையும் தேவனையும் அவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்திருக்காவிட்டால், போட்டி முடிந்ததும் அந்த வாசகர் போயிருப்பார். பரிசுப் போட்டியை நம்பி வந்த எத்தனையோ பத்திரிகைகளின் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. 200 ரூபாய்க்கு வாங்கிய அந்த எட்டு எழுத்து அவர் காலத்துக்குப் பிறகும் வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை ஜெமினி சிக்னலில் மாட்டிக்கொண்டால் ஒரு வேலை செய்து பாருங்கள். கண்ணில் படும் கடைப் பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் எழுத்துகளில் எத்தனை சொல் ஒளிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். சிக்னல் விழுவதற்குள் ஐந்து கிடைத்தால் நீங்கள் கெட்டிக்காரர். பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.